துன்பியல் நாடகத்தின் ஒரு மேற்கோளைத் தேர்வுக்காகப் பகுத்தாராயும் முறை: மெக்பெத்தின் கடலும் கையும்

துன்பியல் நாடகம் ஒன்றைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் பலரின் குறிப்பேட்டில் மேற்கோள்கள் நீண்ட பட்டியலாக இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் 'உருவகம்', 'குற்றவுணர்வு', 'பேராசை' என்பது போல ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். தேர்வறையில் அந்தப் பட்டியல் முழுவதும் நினைவுக்கு வந்தாலும், அதைக் கொண்டு உருப்படியான ஒரு பத்தியை எழுத முடியாமல் திண்டாடுவார்கள். மேற்கோளை அவர்கள் ஒரு கருத்துக்கான சான்றாக மட்டுமே மனத்தில் பதித்திருப்பதுதான் இதற்குக் காரணம். நாடகத்தில் எந்த வரியும் கருத்தைச் சொல்வதற்காக எழுதப்படுவதில்லை. ஒரு பாத்திரம் ஒரு குறிப்பிட்ட நொடியில், ஒருவரை நோக்கியோ தன்னை நோக்கியோ, எதையோ சாதிக்க அல்லது எதிலிருந்தோ தப்பிக்கப் பேசுகிறது. 'இந்த வரி என்ன பொருள் தருகிறது' என்று கேட்பதற்கு முன் 'இந்த வரியைப் பேசுவதன் மூலம் இந்தப் பாத்திரம் என்ன செய்கிறது' என்று கேட்கப் பழகினால், பகுப்பாய்வின் பாதி வேலை முடிந்துவிடும்.

முறையை வெறுமனே விளக்குவதைவிட, ஒரே ஒரு மேற்கோளை எடுத்து அதன் மீது அதைச் செயல்படுத்திக் காட்டுவது பயனுள்ளது. ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தில், இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு வந்த மெக்பெத் தன் கைகளைப் பார்த்துக் கூறும் வரிகள் இவை: "மாபெரும் நெப்டியூனின் கடல் முழுவதும் என் கையிலிருந்து இந்தக் குருதியைக் கழுவித் தூய்மையாக்குமா? இல்லை, இந்த என் கைதான் எண்ணிறந்த கடல்களைச் செந்நிறமாக்கி, பச்சையை ஒரே சிவப்பாக மாற்றிவிடும்." தமிழில் தந்திருப்பது பொருளை உணர்த்துவதற்காக மட்டுமே. ஓசை, அசை, சொல்லின் நீளம் ஆகியவற்றைப் பற்றி எதைச் சொன்னாலும் அது மூலத்தின் ஆங்கில வரிகளை வைத்தே சொல்லப்பட வேண்டும்.

எந்த வரியைத் தேர்வது

அழகான வரி, புகழ்பெற்ற வரி, பிறர் எல்லாரும் எழுதும் வரி ஆகியவை நல்ல அளவுகோல்கள் அல்ல. நாடகத்தின் பிற இடங்களோடு எத்தனை இழைகளால் ஒரு வரி கட்டப்பட்டிருக்கிறது என்பதே அதன் மதிப்பு. மேலே தந்த வரிகளில் குருதி, நீர், கை, நிறம், தெய்வம் என ஐந்து இழைகள் உள்ளன. ஒவ்வொன்றும் நாடகத்தில் முன்னும் பின்னும் ஓடுகிறது. எனவே குற்றவுணர்வு பற்றிய வினாவாயினும், கணவன் மனைவி உறவு பற்றிய வினாவாயினும், அரசனைக் கொல்வதன் பாவம் பற்றிய வினாவாயினும் இந்த ஒரே மேற்கோள் கைகொடுக்கும். இத்தகைய வரிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தால் போதும். ஐம்பது வரிகளை மேலோட்டமாக அறிவதைவிட அவற்றை ஆழமாக அறிவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

யார், யாரிடம், எந்த நொடியில்

மேற்கோளைச் சுற்றியுள்ள முப்பது நாற்பது வரிகளைத் திரும்பப் படியுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் தவிர்க்கும் வேலை இதுதான்; ஆனால் சிறந்த கருத்துகள் கிடைப்பதும் இங்கேதான்.

கொலை மேடையில் நிகழ்வதில்லை. மெக்பெத் குருதி தோய்ந்த கத்திகளுடன் வெளியே வருகிறான். உறக்கத்திலிருந்து விழித்து இறைவனை வேண்டியவர்களின் குரலுக்கு 'ஆமென்' என்று மறுமொழி சொல்ல முயன்றபோது அச்சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று புலம்புகிறான். 'இனி உறங்காதே, மெக்பெத் உறக்கத்தைக் கொல்கிறான்' என்று ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறான். அவன் மனைவி லேடி மெக்பெத் அவனைக் கடிந்துகொண்டு, கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் கையிலுள்ள இந்த அழுக்குச் சாட்சியைக் கழுவு என்கிறாள். கத்திகளைக் கொலை நடந்த அறையிலேயே விட்டிருக்க வேண்டும். அவன் திரும்பிப் போக மறுப்பதால், அவளே அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள். அவள் மறைந்த அந்த நொடியில் கோட்டைக் கதவைத் தட்டும் ஓசை கேட்கிறது. மெக்பெத் தனியாக நிற்கிறான்; ஒவ்வோர் ஓசையும் தன்னை நடுங்க வைப்பது ஏன் என்று கேட்கிறான்; இவை என்ன கைகள், இவை என் கண்களைப் பிடுங்குகின்றனவே என்கிறான்; அதன் பிறகுதான் கடலைப் பற்றிக் கேட்கிறான்.

இவ்வளவையும் படித்தவருக்கு ஒரு செய்தி புலப்படும். கடலைப் பற்றிய கேள்வி வானத்திலிருந்து குதித்த கவிதை அன்று. 'கொஞ்சம் தண்ணீர்' என்று மனைவி சொன்னதற்கு அவன் சொல்லும் மறுமொழி. அவள் ஒரு கிண்ண நீரைப் பற்றிப் பேசினாள். அவன் உலகின் கடல்கள் அனைத்தையும் கொண்டுவந்து நிறுத்தி, அவையும் போதாது என்கிறான். ஆனால் அந்த மறுமொழியைக் கேட்க அவள் அங்கே இல்லை. அவள் திரும்பி வந்து, தன் கைகளும் இப்போது அதே நிறந்தான் என்றும், ஆனால் அவனைப் போல வெளுத்துப்போன இதயத்தைச் சுமக்க வெட்கப்படுவதாகவும் கூறி, கொஞ்சம் தண்ணீர் இச்செயலிலிருந்து நம்மை விடுவித்துவிடும் என்கிறாள். இருவரும் ஒரே பொருளைப் பற்றி நேர் எதிரான முடிவுகளைச் சொல்கிறார்கள். ஆனாலும் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்வதே இல்லை. கொலையில் கூட்டாளிகளாக இருந்தவர்கள் கொலை முடிந்த சில நிமிடங்களிலேயே தனித்தனி உலகங்களில் வாழத் தொடங்கிவிட்டதை இந்த அமைப்பே காட்டுகிறது. 'லேடி மெக்பெத் துணிச்சலானவள், மெக்பெத் கோழை' என்று எழுதும் பொதுவான விடையைவிட இது எவ்வளவோ கூர்மையானது.

கதவைத் தட்டுபவர்களில் மெக்டஃப் ஒருவன் என்பதையும் குறித்துவையுங்கள். இறுதியில் மெக்பெத்தைக் கொல்லப்போகும் கை அப்போதே அவன் கதவில் விழுந்துகொண்டிருக்கிறது.

சொற்களுக்குள் இறங்குதல்

இப்போது வரிகளை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம். அணியின் பெயரைத் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டாம். இங்கே உயர்வு நவிற்சி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை எழுதியவுடன் திருத்துபவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடுவதில்லை. மாறாக, வாக்கியத்தின் இலக்கணத்திலிருந்து தொடங்குங்கள்: எழுவாய் எது, செயப்படுபொருள் எது, வினையைச் செய்வது யார்?

முதல் வாக்கியத்தில் எழுவாய் கடல். அது கையைக் கழுவ வேண்டும். இரண்டாம் வாக்கியத்தில் எழுவாய் கை. அது கடலைச் சிவப்பாக்குகிறது. இரண்டு வாக்கியங்களுக்கு இடையே உறவு அப்படியே தலைகீழாகிறது. தூய்மைப்படுத்த வேண்டிய பொருள் மாசுபடுகிறது. மாசுற்ற பொருள் மாசைப் பரப்பும் ஆற்றலைப் பெறுகிறது. குற்றம் செய்தவன் தன் குற்றத்தை ஒரு கறையாக, அதாவது தன்மேல் படிந்த ஒன்றாக, முதலில் எண்ணுகிறான். அடுத்த மூச்சிலேயே அது தன்னிடமிருந்து உலகத்துக்குள் பாயும் ஒன்று என்று கண்டுகொள்கிறான். பின்னர் ஸ்காட்லாந்து முழுவதும் அவன் ஆட்சியில் குருதி சிந்தப்போவதை அறிந்த நமக்கு, இந்த இலக்கண மாற்றம் வரப்போகும் கதையின் சுருக்கமாகவே தெரியும். அணிகளின் பெயர்ப்பட்டியல் எதுவும் இந்தக் கருத்தை உங்களுக்குக் கொடுத்திருக்காது.

அடுத்து, கேள்வியும் விடையும். மெக்பெத் கேட்கும் கேள்விக்கு அவனே 'இல்லை' என்று சொல்லிக்கொள்கிறான். கேள்வி முடிவதும் 'இல்லை' வருவதும் ஒரே அடியின் நடுவில். அடி முடியும் வரை கூட அவனால் நம்பிக்கையைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. தனிமொழியில் ஒரு பாத்திரம் தன்னையே கேள்வி கேட்டுத் தானே விடை சொல்லும் இடங்களை எப்போதும் கவனியுங்கள். மனம் இரண்டாகப் பிளந்திருப்பதை நாடகாசிரியர் காட்டும் வழிகளில் அது ஒன்று.

'இந்த என் கை' என்ற தொடரும் கவனத்துக்குரியது. வெறுமனே 'என் கை' என்று சொல்லியிருக்கலாம். 'இந்த' என்ற சுட்டு, கையை அவனிடமிருந்து சற்றுத் தள்ளி வைத்து, பார்க்கப்படும் ஒரு பொருளாக்குகிறது. சில அடிகளுக்கு முன் 'இவை என்ன கைகள்' என்று அந்நியனின் கைகளைப் பார்ப்பது போலக் கேட்டவன் அவன். இன்னும் முன்னால், முதல் அங்கத்தில், தன் கை செய்யப்போவதைத் தன் கண் காணாதிருக்கட்டும் என்று விரும்பியவனும் அவனே. அன்று கண்ணையும் கையையும் பிரித்து வைக்க விரும்பினான். இன்று கை கண்ணைப் பிடுங்குகிறது. நடிகர் இவ்வரியைப் பேசும்போது கையை உயர்த்திப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகவே இச்சுட்டுச் சொற்கள் உண்மையில் வரிக்குள் மறைந்திருக்கும் நடிப்புக் குறிப்புகள். நாடகம் மேடைக்காக எழுதப்பட்டது என்பதை விடையில் உணர்த்துவதற்கு இதைவிட எளிய வழியில்லை.

இனி ஓசை. மூலத்தில் கடல்களுக்கு அடைமொழியாக வருவது 'மல்ட்டிடியூடினஸ்' என்ற நீண்ட சொல். சிவப்பாக்குவதற்கான வினை 'இன்கார்னடைன்'. இரண்டும் லத்தீன் வேர்களிலிருந்து வந்தவை. வாயை நிறைக்கும் சொற்கள். அலை புரண்டு எழுவது போல அடி முழுவதையும் நிரப்புகின்றன. இரண்டாம் சொல் அதுவரை சதை நிறத்தைக் குறிக்கும் பெயரடையாக இருந்தது. ஷேக்ஸ்பியர் அதை வினையாக்கினார். சதையும் குருதியும் அச்சொல்லுக்குள்ளேயே உள்ளன. இப்படி இரண்டு பெருஞ்சொற்களை உருட்டியவுடன் அடுத்த அடி 'மேக்கிங் த கிரீன் ஒன் ரெட்' என்று குறுகி விழுகிறது. முதல் சொல்லைத் தவிர மற்றவை ஓரசைச் சொற்கள். எல்லாம் குழந்தைக்கும் புரிபவை. சொல்லாரவாரத்தால் தன் செயலை மூடப் பார்த்தவன், கடைசியில் 'சிவப்பு' என்ற மிக எளிய சொல்லின் முன் நிற்க வேண்டியதாகிறது என்று இதை விளக்கலாம். அந்த அடி ஆறு அசைகளோடு நின்றுவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் செய்யுளடியில் வழக்கமான பத்து அசைகளுக்கு மீதி நான்கு வெறுமையாக இருக்கின்றன. லேடி மெக்பெத் திரும்பி வருவது அந்த இடைவெளியில்தான்.

அந்தக் கடைசி அடியைப் பற்றி ஒரு சிறு செய்தி. நாடகம் முதன்முதலாக அச்சேறிய 1623 பதிப்பில் 'ஒன்' என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி உள்ளது; அதன்படி 'பச்சையாக இருப்பதைச் சிவப்பாக்கி' என்று பொருள்படும். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் பலர் அக்காற்புள்ளியை நீக்கி, 'பச்சை முழுவதையும் ஒரே சிவப்பாக்கி' என்று கொள்கிறார்கள். இரண்டாம் பொருளில் வேறுபாடுகள் அனைத்தும் அழிந்து எங்கும் ஒரே நிறம் பரவும் அச்சம் வலுவாக இருப்பதால் நான் அதையே விரும்புகிறேன். தேர்வில் இதைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுத வேண்டியதில்லை.

மிகைவாசிப்பு என்ற பள்ளமும் இங்கேதான் இருக்கிறது. பச்சை என்றால் பொறாமை, ஆகவே மெக்பெத் பொறாமைப்படுகிறான் என்று எழுதியவர்கள் உண்டு. இங்கே பச்சை கடலின் நிறம். அதற்கு மேல் எதையும் காட்சியில் எதுவும் ஆதரிக்கவில்லை. ஒரு விளக்கத்துக்கு நாடகத்திலேயே இரண்டாவது சான்று காட்ட முடியாவிட்டால் அதை விட்டுவிடுவது நல்லது.

இழையைப் பிடித்து நாடகம் முழுவதும் நடத்தல்

மேற்கோளின் உட்பொருளைக் கண்ட பிறகு, அதே இழை வேறு எங்கெங்கு வருகிறது என்று தேடிக் குறியுங்கள். தேடும்போது ஒற்றுமையை மட்டும் பார்க்காமல் மாற்றத்தைப் பாருங்கள். 'குருதி பல இடங்களில் வருகிறது' என்பது கருத்தாகாது, 'குருதியின் பொருள் எப்படி மாறுகிறது' என்பதே கருத்து.

முதல் அங்கத்தில் குருதி மதிப்புக்குரியது. காயம்பட்ட படைத்தலைவன் ஒருவன் மெக்பெத்தின் வாள் குருதியால் ஆவி பறக்க எதிரியைப் பிளந்ததை வியந்து சொல்கிறான், மன்னன் மகிழ்கிறான். அதே கை, அதே குருதி, இரண்டாம் அங்கத்தில் கழுவ முடியாத கறையாகிறது. மாறியது குருதி சிந்துவதற்கான உரிமை மட்டுமே. மூன்றாம் அங்கத்தில், தான் ஆளனுப்பிக் கொல்லச் செய்த பாங்கோவின் ஆவியை விருந்தில் கண்ட பிறகு, தான் குருதிக்குள் வெகுதூரம் இறங்கிவிட்டதாகவும், திரும்புவது மேலே நடப்பதைப் போலவே அயர்வு தருவதாகவும் மெக்பெத் சொல்கிறான். முன்பு தன் கையிலிருந்து கடலுக்குள் பரவிய சிவப்பில் இப்போது அவனே நடந்துகொண்டிருக்கிறான். கேள்வி இல்லை, அதிர்ச்சி இல்லை, சலிப்பு மட்டும் உள்ளது. இரண்டு மேற்கோள்களையும் அடுத்தடுத்து வைத்தால் மனச்சான்று எப்படி மரத்துப் போகிறது என்பதைப் பெரிய விளக்கமின்றியே காட்டிவிடலாம்.

ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் கடல் திரும்ப வருவதில்லை, நறுமணம் வருகிறது. உறக்கத்தில் நடக்கும் லேடி மெக்பெத் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். இந்தக் கைகள் ஒருபோதும் தூய்மையாகாதா என்கிறாள். அரேபியாவின் நறுமணங்கள் அனைத்தும் இந்தச் சிறு கையை இனிமையாக்காது என்கிறாள். கணவன் அன்று சொன்ன வாக்கியத்தின் அமைப்பு அப்படியே அவள் வாயில் வருகிறது: உலகளவான ஒரு பொருள், ஒரு கை, முடியாமை. அன்று அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. இன்று அவள் சொல்வதைக் கேட்க அவன் இல்லை. மருத்துவரும் தோழியும் ஒளிந்து நின்று கேட்கிறார்கள். அவன் பேசியது செய்யுள். அவள் பேசுவது உடைந்த உரைநடை. 'கொஞ்சம் தண்ணீர்' என்று எளிதாகச் சொன்னவளுக்கு நேர்ந்த இந்த மாற்றத்தில்தான் நாடகத்தின் மிகக் கொடிய முரண்நகை உள்ளது. முதலில் அறிந்தவன் மறக்கிறான். முதலில் மறுத்தவள் மறக்க முடியாமல் சாகிறாள்.

துன்பியல் என்ற வகையோடு இணைத்தல்

கேள்வித்தாளில் 'துன்பியல்' என்ற சொல் இருந்தால் அதற்கும் விடை சொல்லியாக வேண்டும். அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் துன்பியல் தலைவனின் பெரும்பிழை, நிலை தலைகீழாகும் திருப்பம், அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறும் உணர்தல் ஆகியவற்றைப் பேசுகிறார். ஆங்கில நாடகங்கள் அவற்றை விதிகளாகக் கொண்டு எழுதப்பட்டவை அல்ல. எனவே இச்சொற்களை முத்திரைகளாக ஒட்டாமல், அளந்து பார்க்கும் கோலாகப் பயன்படுத்துங்கள். நாடகம் எங்கே பொருந்துகிறது என்பதைவிட எங்கே விலகுகிறது என்பதில்தான் பெரும்பாலும் சுவையான விடை இருக்கும்.

நம் மேற்கோளை உணர்தலின் நொடி என்று கொண்டால் ஒரு விந்தை தெரியும். கிரேக்கத் துன்பியல் நாடகத் தலைவனான ஈடிபஸ் மன்னனுக்குத் தன்னைப் பற்றிய உண்மை தெரிவது நாடகத்தின் பிற்பகுதியில்; தெரிந்ததும் அவன் தன் கண்களைக் குருடாக்கிக்கொள்கிறான். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததைக் கண்ட பாண்டியன் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி, 'கெடுக என் ஆயுள்' என்று வீழ்ந்து உயிர் துறக்கிறான். அங்கும் ஒரு கேள்வி, உடனே அதற்குத் தானே சொல்லும் தீர்ப்பு. ஓகாரம் ஏகாரமாக மாறும் அந்தச் சிறு அசைவில் ஒரு மன்னனின் வாழ்வே முடிந்துவிடுகிறது. மெக்பெத்தும் அதே போலக் கேட்டு அதே போலத் தீர்ப்பளிக்கிறான்; ஆனால் சாவதில்லை. தன் குற்றத்தின் முழு அளவையும் இரண்டாம் அங்கத்திலேயே அறிந்துகொண்டு, அந்த அறிவோடு இன்னும் மூன்று அங்கங்கள் வாழ்ந்து, மேலும் கொலைகள் செய்கிறான். அறியாமை இவனுடைய பிழை அன்று; அறிந்தும் நிற்க முடியாமையே பிழை. அவன்மீது நமக்கு அருவருப்போடு இரக்கமும் எழுவதற்கு இதுவே காரணம் என்று வாதிடலாம். (சிலப்பதிகார ஒப்பீட்டைப் பாடத்திட்டம் இடம் தந்தால் மட்டும் எழுதுங்கள், தராவிட்டால் சிந்தனைக்கான துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.)

காலப் பின்னணி, அளவோடு

பின்னணிச் செய்தியைத் தனிப் பத்தியாக எழுதாதீர்கள். அது வரலாற்று விடையின் துண்டு போலத் தொங்கும். ஒரு சொல்லை விளக்க உதவும்போது மட்டும் அரை வாக்கியமாகக் கொண்டுவாருங்கள். இந்நாடகம் 1606 அளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. ஸ்காட்லாந்து மன்னரான ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்தின் அரியணையும் ஏறியிருந்தார். 1605-இல் அவரையும் நாடாளுமன்றத்தையும் வெடிமருந்தால் தகர்க்கும் சதி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அரசன் இறைவனால் திருநிலைப்படுத்தப்பட்டவன் என்று நம்பிய அவையோருக்கு, அரசனின் குருதி படிந்த கை வெறும் கொலைகாரனின் கை அன்று. சற்று முன் 'ஆமென்' என்று சொல்ல முடியாதவன் இப்போது உரோமரின் கடல் தெய்வமான நெப்டியூனை அழைக்கிறான் என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். தன் இறைவனிடம் செல்லும் வழி அடைபட்டுவிட்டதால்தான் அவன் வேறொரு தெய்வத்தின் கடலைத் தேடுகிறான் என்று படிக்கலாம். இப்படி எழுதும்போது பின்னணி தானாகவே மேற்கோளுக்குள் அடங்கிவிடும்.

பத்தியாக எழுதுதல்

'நாடகத்தில் குற்றவுணர்வு எவ்வாறு காட்டப்படுகிறது' என்ற வினாவுக்கு வலுவற்ற விடை பொதுவாக இப்படி இருக்கும்: 'மெக்பெத் தன் கையிலுள்ள குருதியைக் கடலாலும் கழுவ முடியாது என்கிறான். இது உயர்வு நவிற்சி அணி. இது அவனது குற்றவுணர்வை ஆழமாகக் காட்டுகிறது.' இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் வாக்கியம் வினாவையே திருப்பிச் சொல்கிறது. நாடகத்தைப் படிக்காதவர்கூட இதை எழுதியிருக்க முடியும்.

அதே மேற்கோளை இப்படி எழுதிப் பாருங்கள்: 'கொலைக்குப் பின் மெக்பெத்துக்குக் குற்றவுணர்வு மனத்துக்குள் அடங்கிய வேதனையாக அல்லாமல், உலகையே மாசுபடுத்தும் ஆற்றலாகத் தெரிகிறது. நெப்டியூனின் கடல் தன் கையைக் கழுவுமா என்று தொடங்கும் அவன், கேள்வி முடியும் அதே அடியில் "இல்லை" என்று தன்னை மறுத்து, கைதான் "எண்ணிறந்த கடல்களை" நிறம் மாற்றும் என்கிறான். கழுவ வேண்டிய நீர் செயப்படுபொருளாகவும் கறை படிந்த கை எழுவாயாகவும் இடம் மாறுகின்றன. கொஞ்சம் தண்ணீர் போதும் என்று நம்பும் மனைவி அப்போது அங்கே இல்லாததால், இந்த அறிவை அவன் தனியாகவே சுமக்கிறான். ஐந்தாம் அங்கத்தில் அரேபியாவின் நறுமணங்களும் போதாது என்று அவளே உறக்கத்தில் புலம்பும்போதுதான், அவன் அன்று கண்டதை அவள் காண்கிறாள்.' இதில் மேற்கோளின் சிறு துண்டுகள் மட்டுமே எடுக்கப்பட்டு வாக்கியத்துக்குள் இழைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நான்கடிகளையும் முழுவதுமாக எழுதுவது நேரத்தை விழுங்கும். அதற்குக் கூடுதல் மதிப்பெண்ணும் கிடைக்காது.

வினா மாறினால் சான்று மாற வேண்டியதில்லை, அழுத்தம் மாற வேண்டும். கணவன் மனைவி உறவு பற்றிக் கேட்டால் 'கொஞ்சம் தண்ணீர்' என்பதற்கான கேட்கப்படாத மறுமொழியிலிருந்து தொடங்குங்கள். அரசுரிமை பற்றிக் கேட்டால் நெப்டியூனிலிருந்தும் 'ஆமென்' என்பதிலிருந்தும் தொடங்குங்கள். வன்முறையும் வீரமும் பற்றிக் கேட்டால் முதல் அங்கத்தின் ஆவி பறக்கும் வாளிலிருந்து இந்தக் கைக்கு வாருங்கள்.

மீள்பார்வை

நெட்டுருச் செய்ய வேண்டியவை மிகக் குறைவு: நெப்டியூனின் கடல், எண்ணிறந்த கடல்கள், ஒரே சிவப்பு என்ற மூன்று துண்டுகளின் மூலச் சொற்கள், அவை வரும் அங்கமும் காட்சியும், இழையால் கட்டப்பட்ட மற்ற மூன்று இடங்கள். விடையை எந்த மொழியில் எழுதப்போகிறீர்களோ அந்த மொழியில், உங்கள் பாடநூலில் உள்ள வடிவத்திலேயே சொற்களை மனத்தில் பதியுங்கள்.

இவற்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் பெரிய பயன் இல்லை; வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளின் நடுவில் மேற்கோளை எழுதி, நினைவில் உள்ள அனைத்தையும் சுற்றிலும் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டவற்றை வேறு நிற மையில் நிரப்புங்கள். ஓரிரு நாள் விட்டு அதையே மீண்டும் செய்யுங்கள். அதன் பிறகு ஒரு வாரம் விட்டுச் செய்யுங்கள். இரண்டாம் நிறம் எங்கே மறுபடியும் வருகிறதோ அதுவே நீங்கள் படிக்க வேண்டிய பகுதி. அது ஏறக்குறைய எப்போதும் சூழல் பற்றியதாகத்தான் இருக்கும், அதாவது யார் மேடையில் இருந்தார்கள், யார் வெளியே போயிருந்தார்கள் என்பது.

தாள் நிரம்பத் தொடங்கியதும், பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து குற்றவுணர்வோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு வினாவை எடுத்து, இதே மேற்கோளை வைத்துக் கால் மணி நேரத்தில் ஒரே ஒரு பத்தி எழுதுங்கள். எழுதி முடித்ததும் பத்தியிலுள்ள அணிப் பெயர்கள் அனைத்தையும் அடித்துவிட்டுப் படியுங்கள். மிஞ்சிய வாக்கியங்கள் இன்னும் ஏதேனும் சொல்கின்றன என்றால், மூன்றாம் அங்கத்தின் குருதி ஆற்றை அடுத்த மேற்கோளாக எடுத்துக்கொள்ளலாம். சொல்லவில்லை என்றால், காட்சியைத் திறந்து அந்த முப்பது நாற்பது வரிகளிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.